சிப்பிக்கு வேனுக்குள் கட்டில் போட்ட கதை

முதலில் நான் செய்த பெட்டியில் இப்போது எங்கள் வீட்டுக் கோழி அடைகாக்கிறது. 12 மி.மீ. பிளைவுட், உள்ளே மூன்று இஞ்ச் ஃபோம், அதற்கு மேல் கடைக்காரர் "தண்ணி ஊறாது சார்" என்று சொல்லிக் கொடுத்த ரெக்சின் உறை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. எங்கள் நாய் சிப்பி அதில் படுத்தது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும்.

சிப்பி என்றதும் "சிப்பிப்பாறை ஜாதி நாயா?" என்று கேட்காதவர் கிடையாது. இல்லை. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் குட்டியாகக் கிடைத்த செந்நிற நாட்டு நாய். ஏழு வயது, 17 கிலோ. அவளையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற ஆசை, ஆனால் லாட்ஜில் நாய்க்கு இடம் தரமாட்டார்கள். படுக்கை, சமையல் மேடை எல்லாம் வைத்த காரவன் ஒன்றை வாடகைக்குக் கேட்டுப் பார்த்தேன். எத்தனை பேர், எத்தனை நாள் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு நாய் என்றேன், போனை வைத்துவிட்டார்கள். சரி, இருக்கிற வேனையே வீடாக்கிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். சிறிய வேன்தான், என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் வகை. இந்த ஒரு விஷயத்தை அப்போதே யோசித்திருந்தால் கோழிக்குப் பெட்டி கிடைத்திருக்காது.

பின் இருக்கையைக் கழற்றினால் இடது பக்கம் எனக்கு இரண்டேகால் அடி அகலத்தில் ஒரு பலகை, வலது பக்கம் சிப்பிக்கு இரண்டடி அகலம். முன் சீட்டை முழுசாக முன்னால் தள்ளினால் கால் ஏறக்குறைய நீளும். புதிதாக ஒரு துளைகூட வண்டியில் போடவில்லை. இருக்கையைக் கழற்றிய இடத்தில் இருக்கும் போல்ட் துளைகளிலேயே எல்லாவற்றையும் பூட்டினேன், ஊர் திரும்பியதும் இருக்கையை மாட்டிவிடுவேன். ஆர்.சி.யில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு நாயின் தூக்கத்துக்காக அதோடு மோத வேண்டாம்.

அளவு எடுத்ததில் ஒரு நல்ல காரியம் செய்தேன். நாய் சுருண்டு படுத்திருக்கும்போது அளந்தால் ஒரு கூடை போதும் என்று தோன்றும். மதியம் ஒரு மணி வெயிலில், சிமெண்ட் தரையில் கால் நீட்டிக் கிடக்கும்போது அளக்க வேண்டும். சிப்பியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 78 செ.மீ., முதுகிலிருந்து நீட்டிய பாதம் வரை 58. என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாய்க்குப் படுக்க அளவெடுக்கிறவரு எனக்கு ஒரு தலகாணி வாங்கித் தந்ததுண்டா?" என்றாள். அதற்குப் பதில் இல்லை. 3 அடிக்கு 2 அடி என்று முடிவு செய்தேன்.

பெட்டியை ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் வைத்தேன். பக்கவாட்டுத் தள்ளுகதவைத் திறந்ததும் ஏறிப் படுத்துக்கொள்ள வசதி, எனக்கும் கைக்கெட்டும் தூரம். பங்குனியில் ஒரு சனிக்கிழமை மாலை முட்டம் போனோம். நாகர்கோவிலிலிருந்து அதிக தூரம் இல்லை, ஆனால் சும்மா சுற்றலாம் என்று கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டியிருந்தேன். கலங்கரை விளக்கத்துக்கு இப்பால் எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பு. அங்கே நிறுத்திச் சாப்பிட்டு, ஒன்பதரை மணிக்குப் படுத்தோம்.

சிப்பி பெட்டிக்குள் போனாள். மூன்று சுற்றுச் சுற்றினாள். படுத்தாள். எழுந்தாள். வெளியே வந்து வண்டியின் பின்கதவு ஓரமாக, வெறும் தகரத் தரையில், என் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தாள். தூக்கிக் கொண்டுவந்து பெட்டியில் விட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே போனாள். இப்படி நாலு தடவை. புது இடம், பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். இரண்டு மணிக்கு விழித்தபோது நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்து, பெட்டியைக் கையால் தொட்டுப் பார்த்தேன். ஃபோமுக்கு அடியில் பிளைவுட் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த டிஜிட்டல் வெப்பமானியை எடுத்து வந்து, மறுபடி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, நிறுத்தி, தரையில் வைத்து அளந்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் 41 டிகிரி. பின்கதவு ஓரம் 31. வெளியே 28. அரை மணி கழித்து முன்பக்கத் தரை 43! குறைய வேண்டியது ஏறியிருக்கிறது. காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வண்டி ஓடும்போது அடியில் காற்று போகிறது, ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, என்ஜின் சூட்டை இரண்டும் சேர்ந்து கொண்டுபோய்விடும். சாவியைத் திருப்பி நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். இரும்புக்குள் இருக்கும் சூடு போக வழியில்லாமல் மேலே தரைக்கு வரும். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் 33-க்கு வந்தது. அதற்கு மேல் நான் ஃபோமும் ரெக்சினும் போட்டு மூடி, மூன்று பக்கம் பலகையும் அடித்து வைத்திருக்கிறேன். அடுப்பங்கரையில் ஒரு பெட்டி.

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. பாதங்களில் கொஞ்சம் வியர்வை, மற்றபடி நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டை விடும். வயிற்றுப் பக்கம் ரோமம் குறைவு. அதனால்தான் வெயில் காலத்தில் குளிர்ந்த தரையைத் தேடி வயிற்றை அப்பிப் படுக்கிறது. இது எனக்குத் தெரியாத விஷயமா? ஏழு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் மெத்தை என்று யோசித்தபோது என் முதுகைத்தான் யோசித்திருக்கிறேன்.

அதற்காக வெறும் தகரத்தில் விட்டுவிடவும் முடியாது. கட்டாந்தரையில் படுத்துப் படுத்து அவள் முழங்கையில் ஏற்கெனவே காய்ப்புக் காய்த்திருந்தது. வயதாகும் நாய்க்கு மூட்டு வேறு. மெத்தென்றும் இருக்க வேண்டும், அடியில் காற்றும் போக வேண்டும். இதை யோசித்துக்கொண்டே படிப்புரையில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தது அம்மாவின் பழைய பனைநார்க் கட்டிலில்.

கோட்டாறு பக்கம் கட்டில் பின்னும் வயதான ஒரு பாட்டா இருக்கிறார். இப்போது அவருக்கு வேலை குறைவு. எப்போதாவது யாராவது பழைய கட்டிலை இழுத்துக் கட்டத் தருவார்கள், அவ்வளவுதான். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"நாய்க்கா மக்கா கட்டிலு? நானே பாயிலதான் கெடக்கேன்."

சிரித்தபடியே ஒத்துக்கொண்டார். சட்டத்துக்கு மரம் என் பொறுப்பு. பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த அயனிக் கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டை) இரண்டு கிடந்தது. அயனி எங்கள் பக்கத்தில் கதவு, ஜன்னல், கூரை எல்லாவற்றுக்கும் போடும் மரம், பலாவின் காட்டுச் சொந்தம். அறுபது வருஷம் புகையும் காற்றும் பட்ட கட்டை, ஆணி இறங்க மறுத்தது. நல்லதாகப் போயிற்று. ஓடும் வண்டியில் ஆணி அடித்த மூட்டு ஆட ஆடத் தளரும், நுனி வெளியே வந்தால் நாய் காலைக் கிழிக்கும். கால்களில் துளை போட்டு, சட்டத்தின் முனையைச் சீவிச் செருகி, மூங்கில் முளை அடித்து இறுக்கினேன். என் உளி வேலையைப் பார்த்துத் தெரு முனை ஆசாரி அண்ணன் "குடுங்க இங்க" என்று வாங்கி இரண்டு கால்களை அவரே முடித்துத் தந்தார். மற்ற இரண்டையும் யாரும் உற்றுப் பார்க்க வேண்டாம்.

கால் உயரம் நாலு இஞ்ச். கடையில் விற்கும் உயர்த்திய நாய்க்கட்டில்கள் இதைவிட உயரம். ஏழு வயது நாய் இருட்டில் தட்டுத் தடுமாறி ஏற வேண்டாமே என்று குறைத்தேன்.

பின்னும் நாளில் பாட்டாவுக்குக் கையாளாக உட்கார்ந்தேன். பனை மட்டையிலிருந்து உரித்த நாரை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார். ஊறாத நார் வளைக்கும்போது ஒடிந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே இழுத்துப் பின்ன வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக, மூன்றுக்கு மேல் மூன்றுக்குக் கீழ் என்று அவர் கை போகிற வேகத்தில் என்னால் எண்ண முடியவில்லை. கால்மாட்டில் ஒரு நாலு விரல் இடம் விட்டு, அந்த இடத்தில் தனியாகக் கயிறு கோத்தார். நார் தொய்ந்தால் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை, அந்தக் கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டினால் கட்டில் மறுபடி விறைக்கும். எங்கே தொய்வு வரும் என்று தெரிந்து அதற்கு முன்கூட்டியே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். நான் போட்ட பெட்டியில் அப்படி எதுவும் கிடையாது என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

நார் விலையும் செய்கூலியும் சேர்த்து பிளைவுட், ஃபோம் செலவில் பாதிகூட வரவில்லை. பாட்டா கேட்டதற்கு மேல் கொடுத்தேன். அதை வைத்துத் தனக்கு ஒரு கட்டில் பின்னிக்கொள்வதாகச் சொன்னார். பின்னினாரா என்று தெரியவில்லை.

நாரில் இரண்டு சிக்கல். ஒன்று, நகம். சுற்றிச் சுற்றிப் படுக்கும் நாயின் நகம் பின்னலில் மாட்டும், நார்ச் சிம்பும் குத்தும். மேலே மெல்லிய கோரைப்பாய்த் துண்டு ஒன்றை விரித்து, அதன் மேல் என் பழைய சாரம் (கைலி) ஒன்றை நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டுக் கட்டினேன். சாரத்தைத் துவைக்காமலே கட்டினேன். வீட்டு வாசனை இருந்தால் புது இடத்தில் நாய் சீக்கிரம் அமரும். மனைவி மூக்கைப் பொத்தினாள், சிப்பிக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாவது சிக்கல் கால். தகரத் தரையில் மரக்கால் வழுக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் நண்பனிடம் இதைச் சொன்னபோது "ரப்பரா இல்ல இங்க?" என்று ஒரு கட்டு ஒட்டுப்பாலைத் தூக்கிக் கொடுத்தான். மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த கழிவு ரப்பர் அது. அறுத்து நாலு கால்களுக்கும் ஒட்டினேன். பிடிமானம் பிரமாதம். ஆனால் ஒட்டுப்பாலின் நாற்றம் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மூடிய வேனில், வெயிலில் ஒரு மணி நேரம். சிப்பி அதை ஏதோ கருவாடு என்று நினைத்து ஒரு காலை முழுசாகக் கடித்துப் பிய்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டுவிட்டு, பழைய சைக்கிள் டயரை வெட்டி மாட்டினேன். அப்புறம் கட்டிலை லோடு கட்டும் ராட்செட் பெல்ட்டால் இருக்கைப் போல்ட் துளையோடு இழுத்துக் கட்டினேன். வண்டி ஓடும்போது சிப்பிக்கு மார்புப் பட்டை, அதிலிருந்து ஒரு குட்டை வார் அதே போல்ட் துளைக்கு. கழுத்துப் பட்டையில் மாட்டினால் சடன் பிரேக்கில் கழுத்து போய்விடும்.

கட்டில் இந்த முறை பின்கதவு ஓரத்தில். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிய இரண்டாவது வாரம், தக்கலை வழியாகக் குலசேகரம் போய் நண்பனின் தோட்டத்தில் நிறுத்தினோம். மனைவியும் வந்தாள். ஆனால் அவள் நண்பன் வீட்டில், மெத்தையில், தலையணையோடு படுத்தாள். பேச்சிப்பாறை அணை அங்கிருந்து பக்கம்தான், சுற்றிலும் காடு. சரணாலயப் பகுதிக்குள் நாயைக் கொண்டுபோகவே கூடாது. நாயிடமிருந்து டிஸ்டம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். காட்டோரத்தில் இரவு நாயை வண்டிக்கு அடியில் கட்டிப்போடுவதும் வேண்டாம். சிறுத்தைக்கு நாய் எளிய இரை. உள்ளே படுக்க வைக்கத்தானே இத்தனை பாடு.

படுத்தாள். கட்டில் ஒருமுறை கிரீச் என்றது. அரை மணி நேரம் சத்தமில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நானும் கண்ணை மூடினேன். பதினொரு மணிக்கு என் முகத்துக்கு மேல் ஈர மூக்கு. கொண்டுபோய் விட்டேன். பன்னிரண்டுக்கு மறுபடி. ஒன்றரைக்கு என் வயிற்றின் மேல் முன்னங்கால் இரண்டும். தண்ணீர் வேண்டாம், வெளியே போக வேண்டாம், சூடும் இல்லை. தரை 27 டிகிரிதான். என்ன வேண்டும் உனக்கு என்று எழுந்து உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். என் தலை முன்பக்கம், அவள் கட்டில் பின்பக்கம். அவள் படுத்த இடத்திலிருந்து பார்த்தால் தெரிவது என் பாதம். வீட்டில் அவள் எப்போதும் படுப்பது எங்கள் முகம் தெரிகிற கதவருகில்.

தலையணையைத் தூக்கிப் பின்கதவுப் பக்கம் போட்டுத் திரும்பிப் படுத்தேன். சிப்பி கட்டிலில் ஏறி, சாரத்தை இரண்டு தடவை பிறாண்டி, பெருமூச்சு விட்டுச் சுருண்டாள். விடியும் வரை அசையவில்லை. இரண்டு மாதமாகக் கட்டிலை எங்கே வைப்பது என்று இழுத்துக்கொண்டிருந்தேன், என் தலையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. இதில் அம்மாவுக்கு மட்டும் ஒரு வருத்தம். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. இப்போதெல்லாம் இரவு நிறுத்தும்போது போனில் திசைகாட்டியைப் பார்த்து, பின்கதவு கிழக்கிலோ தெற்கிலோ வருகிற மாதிரி வண்டியை வளைத்து நிறுத்துகிறேன். அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டாம் பாருங்கள்.

காலையில் கண்ணாடி முழுக்க உள்பக்கம் நீர் கோத்திருந்தது. ஒரு மனிதன், ஒரு நாய், மூடிய ஜன்னல், வெளியே மழை. ஈர நாயின் வாசனையைப் பற்றி எழுத வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் விசிறி ஒன்றை வாங்கி, ஒரு பக்கக் கண்ணாடி இடுக்கில் அட்டை வெட்டிப் பொருத்தினேன். காற்றை வெளியே தள்ளும்படி வைக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கண்ணாடியை ஒரு சாண் திறந்து கொசுவலை ஒட்டினால் அந்த வழியாகப் புதுக்காற்று தானே வரும். விசிறி இழுப்பது 0.2 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 1.6 ஆம்பியர்-அவர். யுபிஎஸ்ஸில் போடும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இரண்டு இரவு ஓட்டலாம். வண்டி பேட்டரியைத் தொடுவதில்லை. இதெல்லாம் நான் கூடவே படுத்திருக்கும் இரவுக்கு மட்டும். பகலில் விசிறியை நம்பி நாயை வண்டியில் பூட்டிவிட்டு டீ குடிக்கக்கூடப் போகக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும்.

ரப்பர்த் தோட்டத்திலிருந்து இன்னொன்றும் கூட வந்தது. உண்ணி. வீட்டுக்கு வந்து காது மடல், கால் விரல் இடுக்கு, வாலடி என்று தேடியதில் ஐந்து. இடுக்கியால் தோலோடு ஒட்டினாற்போலப் பிடித்து நேராக இழுத்து எடுத்தேன். ஃபோம் மெத்தையாக இருந்திருந்தால் அதன் தையலுக்குள் எத்தனை ஒளிந்திருக்குமோ. சாரத்தை வெந்நீரில் போட்டேன், பாயை வெயிலில் போட்டேன், கட்டிலை நிமிர்த்தி வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். வேலை முடிந்தது.

மறுபடி முட்டம் போனபோது தூக்கத்தைக் கெடுத்தவை ஊர் நாய்கள். ஜன்னல் வழியாக அவை தெரியும் வரை சிப்பி குரைத்தாள். இன்னொரு பழைய சாரத்தைக் கிழித்து அவள் கண் உயரம் வரை அரைத்திரை கட்டினேன். மேல் பாதி காற்றுக்கு. சத்தம் கேட்டால் இப்போதும் உறுமுவாள், ஆனால் எழுந்து நின்று சண்டைக்கு அழைப்பதில்லை.

வண்டியில் போகாத நாட்களில் கட்டில் படிப்புரையில் கிடக்கிறது. பகலெல்லாம் அவள் அதில்தான். கால்மாட்டுக் கயிற்றை மாதம் ஒருமுறை நானே இழுத்துக் கட்டுகிறேன், பாட்டா கட்டியது போல விறைப்பு வரவில்லை.

மார்கழியில் மூணாறு போகலாம் என்று இருக்கிறேன். அங்கே இதே கட்டில் எதிரியாகும். அடியில் காற்று போவது பங்குனியில் சுகம், பனியில் கீழேயிருந்து குளிர் ஏறும். கட்டிலுக்கு அடியில் வைக்கோல் அடைத்த சணல் சாக்கு ஒன்றைத் தள்ளினால் காற்று அடைபடும், எடையும் இல்லை, ஊர் திரும்பும்போது வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிடலாம். போன வாரம் சாக்கைத் தைத்து, வைக்கோல் அடைத்து, படிப்புரையில் வைத்தேன். சிப்பிக்கு முன்னால் கோழி பார்த்துவிட்டது.